12 அணி காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப்: இரண்டு சீசன் முழுக்கப் பார்த்த பிறகு

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: 5க்கு 3.5. மைதானத்துக்குள் நடப்பதற்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். யாரை மைதானத்துக்குள் விடுவது என்று முடிவு பண்ணுகிற விதத்துக்கு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. அதனால் சராசரி இங்கே வந்து நிற்கிறது.

நான் இருப்பது ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரம். படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் இங்கே சனிக்கிழமை என்பது வேறு மாதிரி நாள். ஊரே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு லட்சத்துக்கு மேல் ஆள் கொள்ளும் ஒஹையோ ஸ்டேடியத்தைப் பார்த்து நடக்கும். முதல் வருஷம் விதி ஒன்றும் புரியாமல் கூட்டத்தோடு கூட்டமாகப் போனவன்தான், இப்போது ஆகஸ்டிலேயே அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். ஃபுட்பால் என்றதும் நம் கால்பந்தை நினைக்க வேண்டாம், ஹெல்மெட் போட்டுக்கொண்டு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம் இது. அதிலும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் வேறு, பல்கலைக்கழக அணிகள் ஆடும் இது வேறு.

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. கூடைப்பந்துக்கு, நீச்சலுக்கு, ஐஸ் ஹாக்கிக்கு, ஏன், இரண்டாம் வரிசை ஃபுட்பாலுக்குக்கூட அது சாம்பியன்ஷிப் நடத்திக் கோப்பை கொடுக்கிறது. முதல் வரிசை ஃபுட்பாலுக்கு மட்டும் கிடையாது. கான்ஃபரன்ஸ் என்று சொல்லப்படும் அணிக்கூட்டங்களும் நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்து தனியாக நடத்தும் ஏற்பாடுதான் காலேஜ் ஃபுட்பால் பிளேஆஃப். ஈஎஸ்பிஎன் இதன் ஒளிபரப்புக்கு ஆறு வருஷத்துக்கு 780 கோடி டாலர் தருகிறது. ஆகவே இது விலை போட்டு விற்கப்படும் ஒரு சரக்கு. சந்தா கட்டி, டிக்கெட் வாங்கிப் பார்ப்பவன் என்ற முறையில் இதை மதிப்பிட எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எதைத் தீர்க்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது புரியும். 2025 சீசனில் முதல் வரிசையில் 136 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டம், கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போனால் 13. ஐபிஎல்லில் பத்து அணி, பதினாலு ஆட்டம், புள்ளி சமமானால் ரன் ரேட், முடிந்தது கதை. இங்கே 136 பேரில் பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஒரு அணி 12க்கு 12 ஜெயித்திருக்கும், ஆனால் லேசான எதிரிகளோடு. இன்னொன்று இரண்டு தோற்றிருக்கும், ஆனால் இரண்டும் பலசாலிகளிடம். யார் பெரியவன்? இந்தக் கேள்விக்குத் தொண்ணூறு வருஷமாக ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லிப் பார்க்கிறார்கள்.

1936 முதல் ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகைக்காரர்களிடம் ஓட்டு வாங்கி வாராவாரம் வரிசை போட்டது. 1950 முதல் பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடும் பட்டியல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு சாம்பியன், ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேர். 1990இல் கொலராடோவும் ஜார்ஜியா டெக்கும், 1991இல் மயாமியும் வாஷிங்டனும், 1997இல் மிஷிகனும் நெப்ராஸ்காவும் ஆளுக்கொரு பட்டம் வைத்துக்கொண்டார்கள், ஒருவரோடொருவர் ஆடாமலேயே. 1998இல் பிசிஎஸ் வந்தது. ஓட்டுகளையும் கம்ப்யூட்டர் கணக்குகளையும் கலந்து இரண்டே இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு இறுதி ஆட்டம் வைக்கும் ஏற்பாடு. 2003இல் அது கையைச் சுட்டது. இரண்டு ஓட்டுப் பட்டியலிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சி மொத்தக் கணக்கில் மூன்றாவதாக வந்து வெளியே நின்றது. தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று உதை வாங்கிய ஓக்லஹோமா உள்ளே போனது. எல்எஸ்யு ஓக்லஹோமாவை ஜெயித்துக் கோப்பை வாங்க, ஏபி ஓட்டுக்காரர்கள் யுஎஸ்சிதான் சாம்பியன் என்று எழுதினார்கள். எதை ஒழிக்க அந்த ஏற்பாடு வந்ததோ, அதுவே திரும்ப நடந்தது. அடுத்த வருஷமே ஆபர்ன் 13 ஆட்டத்தில் 13ஐயும் ஜெயித்துவிட்டுப் பட்டத்துக்கு ஆட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

2014இல் நான்கு அணி பிளேஆஃப். கம்ப்யூட்டர் வேண்டாம், 13 பேர் கொண்ட தேர்வுக் கமிட்டி பேசி முடிவெடுக்கும் என்றார்கள். முதல் வருஷமே கடைசி வாரத்தில் மூன்றாம் இடத்தில் இருந்த டிசியு, அயோவா ஸ்டேட்டை 55-3 என்று ஜெயித்தது. ஜெயித்த பிறகு ஆறாம் இடம்! பிளேஆஃபின் நாலாவது இடத்துக்கு வந்தது எங்கள் ஒஹையோ ஸ்டேட்தான். விஸ்கான்சினை 59-0 என்று அடித்துவிட்டு வந்தது, பிறகு அலபாமாவையும் ஓரிகனையும் ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. எங்கள் ஊர் அணிக்குக் கிடைத்த லாபம் என்பதற்காக டிசியுவுக்கு நடந்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு அணி 52 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டு மூன்று இடம் கீழே இறங்குகிறது என்றால், அதுவரை வாராவாரம் வெளியிட்ட வரிசைக்கு என்ன அர்த்தம்?

2023இல் நடந்தது இன்னும் மோசம். ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, அதாவது 13 வெற்றி, தோல்வியே இல்லை. கான்ஃபரன்ஸ் சாம்பியன். நவம்பரில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகும் அணி ஜெயித்துக்கொண்டே வந்தது. ஆனால் கமிட்டி அதை ஐந்தாவதாக வைத்துவிட்டு, ஒரு தோல்வி கண்ட அலபாமாவை உள்ளே எடுத்தது. காரணம், டிராவிஸ் இல்லாத அணி அதே அணி இல்லையாம். பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒன்று தோல்வியே இல்லாமல் வந்தும் அந்த நான்குக்குள் வராமல் போனது அதுதான் முதல் தடவை. அந்தப் பையன்கள் டிவி முன்னால் உட்கார்ந்து அறிவிப்பைப் பார்த்த முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் செய்ய வேண்டியது என்ன பாக்கி இருந்தது? ஒன்றும் இல்லை. எல்லா ஆட்டமும் ஜெயித்தாகிவிட்டது. எல்லாவற்றையும் ஜெயித்தாலும் போதாது என்று ஒரு விளையாட்டு சொல்லுமானால் அங்கே விளையாட்டுக்கு மேலே வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

சரி, இப்போதைய சரக்குக்கு வருவோம். 2024 முதல் 12 அணி. 2024, 2025 இரண்டு சீசனிலும் கமிட்டி வரிசையில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி, மீதி ஏழு இடம் கமிட்டி பார்த்துக் கொடுத்தது. முதல் நான்கு அணிகள் முதல் சுற்றில் ஆட வேண்டாம், நேரே காலிறுதி. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்கள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த மைதானத்தில் நடத்துவார்கள்.

அந்தச் சொந்த மைதான ஆட்டம் இருக்கிறதே, இந்த ஏற்பாட்டிலேயே தங்கமான விஷயம் அதுதான். 2024 டிசம்பர் 21, இரவு எட்டு மணி, ஒஹையோ ஸ்டேட் - டென்னசி. டிக்கெட்டை மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கினேன், முதல் பக்கத்தில் காட்டிய விலை ஒன்று, கட்டணம் அது இது என்று சேர்த்துக் கடைசிப் பக்கத்தில் பிடுங்கிய விலை ஒன்று, அது தனி எரிச்சல். குளிர் உறைநிலைக்குக் கீழே. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் எங்கள் பரம எதிரி மிஷிகனிடம் 13-10 என்று தோற்றிருந்ததால் ஊரில் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல், வேண்டாம் என்று பலர் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியதெல்லாம் டென்னசிக்காரர்கள். உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு நிறம், நம் வீட்டில் நாமே விருந்தாளியா என்று தோன்றியது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷத்தில் வில் ஹவர்ட் வீசிய பந்தை ஜெரமையா ஸ்மித் பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட, அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, முதல் கால் பகுதி முடியும்போது 21-0. மூச்சு ஆவியாக மேலே போக, முன்பின் தெரியாத ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் 42-17. இத்தனை வருஷத்தில் நான் நேரில் பார்த்த ஆட்டங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். எத்தனையோ வருஷமாக இந்த மைதானத்தில் இல்லாத ஒன்று அன்றைக்கு இருந்தது: தோற்றால் சீசன் முடிந்தது என்கிற டிசம்பர் இரவு.

ஜெயித்த கையோடு பிரச்சினை தொடங்கியது. காலிறுதி ஜனவரி 1, கலிஃபோர்னியாவில் பாசடீனா. பதினொரு நாள்தான் இருக்கிறது, மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம், புத்தாண்டு நேரத்து விமானக் கட்டணம். அதில் ஜெயித்தால் அரையிறுதி ஜனவரி 10, டெக்சஸில். அதிலும் ஜெயித்தால் இறுதி ஜனவரி 20, அட்லாண்டாவில். ஒரு குடும்பம் தன் அணி பின்னாலேயே போக வேண்டும் என்று ஆசைப்பட்டால் மூன்று வாரத்தில் மூன்று ஊர், மூன்று ஓட்டல், மூன்று டிக்கெட். நான் பாசடீனாவும் போகவில்லை, டெக்சஸும் போகவில்லை. மாணவர்கள் எப்படிப் போவார்கள்? இந்த ஆட்டத்துக்கு உயிர் கொடுப்பதே மாணவர் பகுதியில் நின்றுகொண்டு நாலு மணி நேரம் கத்தும் பிள்ளைகள்தான், அவர்களை வெளியே வைத்துவிட்டுக் காலிறுதியை நடத்துகிறார்கள். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், சீசன் முடிவில் பொது மைதானங்களில் நடக்கும் ரோஸ் பவுல், சுகர் பவுல் மாதிரியான பழைய பவுல் ஆட்டங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் ரோஸ் பவுல்மேல் மரியாதை உண்டு, அந்தி வெயில் மலைமேல் விழும்போது நடக்கும் மூன்றாவது கால் பகுதி அழகுதான். அதற்கு ஒரு அரையிறுதியைக் கொடுங்கள். காலிறுதியைக் கல்லூரி வளாகத்தில் நடத்துங்கள்.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. முதல் சுற்றில் ஆடாமல் நேரே காலிறுதிக்கு வரும் நான்கு அணிகளுக்கு அது பரிசு என்றுதான் சொல்கிறார்கள். 2024 சீசனில் அந்த நான்கு பேரும் காலிறுதியில் தோற்றார்கள்: ஓரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட். 2025 சீசனில் ஒஹையோ ஸ்டேட், ஜார்ஜியா, டெக்சஸ் டெக் மூன்றும் தோற்றன, இண்டியானா மட்டும் ஜெயித்தது. எட்டில் ஏழு தோல்வி! டெக்சஸ் டெக் டிசம்பர் 6இல் கான்ஃபரன்ஸ் கோப்பையை வாங்கியது, அடுத்த ஆட்டம் ஜனவரி 1. இருபத்தாறு நாள் சும்மா இருந்துவிட்டு, சூடு குறையாமல் வந்த ஓரிகனிடம் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 23-0 என்று தோற்றது. மேலே வருவதற்குக் கொடுக்கும் பரிசு சொந்த மைதானமாக இருக்க வேண்டும், நீண்ட ஓய்வாக இருக்கக்கூடாது. முதல் நான்கு அணிகளின் காலிறுதி அவரவர் ஊரில் என்று வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும், தப்பென்று தெரிந்ததைத் திருத்திக்கொள்கிறார்கள். முதல் வருஷம், முதல் நான்கு இடமும் சாம்பியன்களுக்கே என்று விதி வைத்ததால் கமிட்டி வரிசையில் ஒன்பதாவதாக இருந்த பாய்சி ஸ்டேட்டுக்கு மூன்றாம் இடமும், பன்னிரண்டாவதாக இருந்த அரிசோனா ஸ்டேட்டுக்கு நான்காம் இடமும் கிடைத்தது. தோல்வியே இல்லாமல் முதலிடத்தில் வந்த ஓரிகனுக்கோ காலிறுதியிலேயே ஒஹையோ ஸ்டேட். 2025இல் அந்த விதியை எடுத்துவிட்டு, வரிசைப்படியே இடம் என்று மாற்றினார்கள். ஒரே வருஷத்தில் திருத்தியது நல்ல விஷயம்.

ஆனால் அந்த வரிசையைப் போடுவது யார்? நான் மார்க்கை அதிகம் குறைத்தது இங்கேதான்.

கமிட்டி டெக்சஸில் ஒரு ஓட்டலில் கூடுகிறது. நவம்பர் முதல் செவ்வாய்தோறும் ஈஎஸ்பிஎன்னில் வரிசை வெளியாகும், ஆட்டங்களை ஒளிபரப்புவதும் அதே சேனல்தான். கமிட்டித் தலைவர் வந்து விளக்கம் சொல்வார். அந்த விளக்கங்களை அடுத்தடுத்த வாரம் கேட்டால் ஒன்றோடொன்று பொருந்தாது. 2025ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீசனின் முதல் வார இறுதியில் மயாமி நோட்டர் டேமை 27-24 என்று ஜெயித்தது. இரண்டும் சீசன் முடிவில் 10-2. நவம்பர் முழுக்க வாராவாரம் நோட்டர் டேம்தான் மேலே, மயாமி கீழே. கடைசி வார இறுதியில் இரண்டு அணிகளுமே ஆடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசை வந்தது: மயாமி பத்து, நோட்டர் டேம் பதினொன்று. கடைசி இரண்டு இடம் வரிசையில் கீழே இருந்த கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குப் போனதால் நோட்டர் டேம் வெளியே. நடுவில் இருந்த பிஒய்யூ தோற்றுக் கீழே போனதால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன, அப்போதுதான் நேருக்கு நேர் ஆடிய ஆட்டத்தைக் கணக்கில் எடுத்தோம் என்றார்கள். ஆகஸ்ட் 31இல் நடந்த ஆட்டம் டிசம்பர் 7இல்தான் கண்ணில் பட்டதா என்று கேட்டால் பதில் இல்லை. நோட்டர் டேம் வெறுத்துப்போய் வேறு எந்த பவுல் ஆட்டத்துக்கும் வரமாட்டோம் என்று சீசனை முடித்துக்கொண்டது.

என்னைக் கேட்டால் மயாமி உள்ளே வந்ததுதான் சரி. நேரில் ஜெயித்த அணி அது. என் கோபமெல்லாம், அதை நவம்பர் முதல் வாரத்திலேயே ஏன் சொல்லவில்லை என்பதுதான். அதே ஞாயிற்றுக்கிழமையில் இன்னொன்றும் நடந்தது: கான்ஃபரன்ஸ் இறுதியில் ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்ற அலபாமா ஒன்பதாம் இடத்திலிருந்து ஒரு அடிகூட இறங்கவில்லை. டெக்சஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்ற பிஒய்யூ இறங்கியது. ஒரே நாள், ஒரே மாதிரித் தோல்வி, இரண்டு அளவுகோல். எழுதி வைத்த விதி இருந்தால் இந்தக் கேள்வியே வராது, ஏனென்றால் விதி யார் பெயரையும் பார்க்காது.

கான்ஃபரன்ஸ்களும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். மயாமி இருக்கும் ஏசிசி கான்ஃபரன்ஸில் அந்த வருஷம் ஐந்து அணிகள் இரண்டாம் இடத்தில் சமமாக நின்றன, எதிரிகளின் வெற்றி விகிதம் வரை போய்ப் பார்த்து டியூக்கை இறுதிக்கு அனுப்பினார்கள். டியூக் வர்ஜீனியாவை ஜெயித்து சாம்பியனும் ஆகிவிட்டது, ஆனால் எட்டு வெற்றி ஐந்து தோல்வி என்பதால் பிளேஆஃபுக்குள் வரவில்லை, அந்த இடத்துக்கு ஜேம்ஸ் மேடிசன் வந்தது. கான்ஃபரன்ஸின் இறுதிக்கே போகாத மயாமி, நாட்டின் இறுதி ஆட்டம் வரை போனது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆட முடியாத அளவுக்குக் கான்ஃபரன்ஸ்களைப் பெருக்கிக்கொண்டே போனதன் விளைவு இது.

சரி, வேறு எப்படித்தான் செய்வது? இதற்குப் பதிலை வெளியே போய்த் தேட வேண்டாம், இதே கல்லூரிகள் ஆடும் ஐஸ் ஹாக்கியில் இருக்கிறது. அங்கே என்சிஏஏ போட்டிக்கு யார் வரலாம் என்பதை ஒரு கணக்குச் சூத்திரம் தீர்மானிக்கிறது. யாரை ஜெயித்தாய், எங்கே ஜெயித்தாய், எதிரி எவ்வளவு பலசாலி, இவ்வளவுதான். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம், மீதி இடங்கள் கணக்கின்படி. சீசன் நடுவில் எந்த ரசிகனும் தானே கூட்டிப் பார்த்து, அடுத்த வாரம் யார் ஜெயித்தால் நாம் உள்ளே என்று சொல்லிவிட முடியும். அறிவிப்பு நாளன்று யாரும் அழுவதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டர் என்றதும் பிசிஎஸ் காலத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அப்போது கெட்டது கம்ப்யூட்டரால் இல்லை, மூடி வைத்த கம்ப்யூட்டரால். பிசிஎஸ் பயன்படுத்திய ஆறு கணக்குகளில் ஒன்றே ஒன்றுதான் முழுசாக வெளியே தெரியும், வெஸ் காலி என்ற வானியற்பியலாளர் போட்டது. 2010 டிசம்பரில் கடைசிப் பட்டியல் வந்த பிறகு, காலியின் கணக்கில் இரண்டாம் வரிசை அணிகளின் ஆட்டம் ஒன்று விட்டுப்போயிருப்பதை வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார். அதைச் சேர்த்தபோது எல்எஸ்யுவும் பாய்சி ஸ்டேட்டும் பத்தாம், பதினொன்றாம் இடங்களை மாற்றிக்கொண்டன. இதை அப்போது பிசிஎஸ்ஸுக்கு நேர்ந்த அவமானம் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூத்திரம் வெளியே இருந்ததால்தான் தப்பு பிடிபட்டது. மற்ற ஐந்திலும் அப்படி ஏதாவது இருந்ததா என்று கேட்கக்கூட வழியில்லை. ஓட்டல் அறைக்குள் 13 பேர் பேசி எடுக்கும் முடிவில் தப்பு இருந்தால் அதை யார் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆகவே எனக்கு வேண்டியது இதுதான். ஐந்து சாம்பியன்களுக்கு இடம் இருக்கட்டும். மீதி ஏழு இடத்தை ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்கு முன்னால் அச்சிட்டு வெளியிட்ட சூத்திரம் கொடுக்கட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அணிகள் வந்தால் நேருக்கு நேர் ஜெயித்தவன் மேலே என்று அதில் எழுதியிருக்கட்டும். வெற்றி வித்தியாசத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டால் ஏற்கெனவே விழுந்துகிடக்கும் அணியைப் போட்டு மிதிக்க வேண்டிய தேவை இருக்காது. யாருக்கு அடிபட்டது என்பது சூத்திரத்தில் வரவே கூடாது. கமிட்டிக்கு வேலை வேண்டுமென்றால் விதிமீறல், ரத்தான ஆட்டம் மாதிரி விஷயங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சின்ன கான்ஃபரன்ஸ்களுக்கு எதற்கு இடம் என்று 2025இல் பெரிய கூச்சல். டுலேன் 41-10 என்று தோற்றது, ஜேம்ஸ் மேடிசன் 51-34 என்று தோற்றது, அந்த இடத்தை நோட்டர் டேமுக்குக் கொடுத்திருக்கலாமே என்றார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 2017இல் சென்ட்ரல் ஃப்ளோரிடா எல்லா ஆட்டமும் ஜெயித்து, பவுல் ஆட்டத்தில் ஆபர்னையும் ஜெயித்தது. அந்த ஆபர்ன்தான் அதே சீசனில் இறுதி ஆட்டம் ஆடிய அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் ஜெயித்திருந்த அணி. ஆனாலும் நான்கு அணிக்குள் சென்ட்ரல் ஃப்ளோரிடா பெயர் பேச்சுக்குக்கூட வரவில்லை. தோற்றாலும் பரவாயில்லை, ஆடித் தோற்கட்டும். பெரிய அணிகள் தோற்கவில்லையா? 2022 சீசன் இறுதியில் ஜார்ஜியா டிசியுவை 65-7 என்று ஜெயித்தது, அதற்காக இறுதி ஆட்டத்தை யாரும் ரத்து செய்யச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், இந்த ஏற்பாட்டுக்கே எதிரி. “நவம்பரில் மிஷிகனிடம் தோற்றுவிட்டு ஜனவரியில் சாம்பியன் என்கிறோமே, அந்தக் காலத்தில் அந்த ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்துபோயிருக்கும், அதனால்தான் அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு கனம் இருந்தது” என்று என்னிடம் சொன்னார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2024 சீசனில் இரண்டு தோல்வியோடு, எட்டாம் இடத்திலிருந்து வந்து ஜெயித்த எங்கள் அணியின் கோப்பையைப் பற்றி அவர் மனசு முழுசாக நிறையவில்லை. ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள், அதே டிசம்பரில் ஏசிசி இறுதியில் கடைசி நொடியில் கிளெம்சனின் பையன் 56 கஜத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல் அடித்தான், 34-31. அந்த ஒரு உதையில் மூன்று தோல்வி கண்ட கிளெம்சன் உள்ளே வந்தது. இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும் ஆட்டங்கள் நாடு முழுக்கக் கூடியிருக்கின்றன. முன்பெல்லாம் நவம்பர் பாதியில் பத்து பேருக்குத்தான் வேலை இருக்கும். இப்போது முப்பது ஊர் விழித்திருக்கிறது.

அதற்காக இன்னும் பெருக்கலாம் என்று அர்த்தமில்லை. 16 என்கிறார்கள், 24 என்கிறார்கள். 24 வந்தால் பெரியவர் சொல்வது முழு உண்மையாகிவிடும், மிஷிகனிடம் தோற்றால்கூட ஒன்றும் குறையாது என்று ஆகிவிடும். பன்னிரண்டோடு நிற்கட்டும்.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. இந்த இரண்டு சீசனிலும் இறுதி ஆட்டம் ஜனவரி 19, 20 வரை இழுத்தது. அதற்குள் வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறும் காலம் ஜனவரி 2இலேயே திறந்துவிடுகிறது, அரையிறுதி ஆட வேண்டிய பையன் அடுத்த வருஷம் எங்கே என்று அதே வாரத்தில் யோசிக்க வேண்டும். ஓல் மிஸ் அணியின் பயிற்சியாளர் லேன் கிஃபின் நவம்பர் கடைசியில் எல்எஸ்யுவுக்குப் போய்விட்டார், அணி அவர் இல்லாமலே பிளேஆஃப் ஆடி, ஜார்ஜியாவையும் ஜெயித்து அரையிறுதி வரை வந்தது. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை ராணுவ, கடற்படைக் கல்லூரிகள் ஆடும் ஆர்மி - நேவி ஆட்டத்துக்கு, அதை யாரும் தொட வேண்டாம். அதற்கு மறுவாரம் முதல் சுற்று, அடுத்த வாரமே வளாகத்தில் காலிறுதி, புத்தாண்டு நாளில் பவுல்களில் அரையிறுதி, ஜனவரி பத்துக்குள் இறுதி. இது நடக்கக்கூடியதுதான்.

2025 சீசன் இறுதி மயாமி ஊரிலேயே நடந்தது. ஒரு பக்கம் பத்தாம் இடத்தில் வந்த மயாமி, பழைய நான்கு அணி முறையாக இருந்தால் கிட்டக்கூட வந்திருக்க முடியாது. இன்னொரு பக்கம் இண்டியானா. 2023இல் 3-9 என்று முடித்த அணி, இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே அதிகம் தோற்றவர்கள் என்று பெயர் வாங்கியிருந்த அணி. அதைத் தூக்கி நிறுத்திய கர்ட் சிக்னெட்டி எங்கிருந்து வந்தார் என்றால், எதற்கு இடம் என்று கேட்டார்களே, அதே ஜேம்ஸ் மேடிசனிலிருந்து. கைவசம் இருந்த கடைசி, நாலாவது முயற்சியில் ஃபீல்ட் கோல் எடுத்துக்கொண்டு போகாமல், குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பந்தோடு உள்ளே பாய்ந்து அடி வாங்கி உருண்டு டச்டவுன் போட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. 27-21. பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி. அன்றைக்கு யாரும் யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு ஆட்டமாவது நேரில் பார்க்கலாம் என்று நினைத்தால், இறுதி ஆட்டத்துக்குச் செலவழிக்காதீர்கள், டிசம்பரில் வளாகத்தில் நடக்கும் முதல் சுற்றுக்குப் போங்கள். டிவியில் பார்ப்பவர்கள் சந்தா கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், முதல் சுற்றில் இரண்டு ஆட்டம் டிஎன்டி சேனலுக்குப் போய்விடுகிறது. நேரில் போகிறவர்கள் டிக்கெட்டைக் கடைசி நாள் வரை பொறுத்து வாங்குங்கள், கட்டணம் சேர்த்த விலையைப் பார்த்து ஒப்பிடுங்கள். மாணவர் பகுதிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். இரண்டு சோடி கம்பளி சாக்ஸ், ஷூவுக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலம் கட்டாயம். உட்காரும் இடம் அலுமினிய பெஞ்ச், ஆனால் எப்படியும் நின்றுகொண்டேதான் பார்ப்பீர்கள்.